வடக்கால குட்ட

ஸ்டுட்கார்ட்டில் சைக்கிள் நிறுத்த ஒரு கொட்டகை போடுவதென்றாலும், அந்த இடத்தின் மேடு பள்ளம், பக்கத்து மரத்தின் உயரம், மழைத்தண்ணீர் ஓடும் திசை எல்லாம் முதலில் கணினி மாதிரிக்குள் வந்து உட்கார வேண்டும். அதன்பிறகுதான் முதல் கோடு. அந்த மாதிரிகளைச் செய்வதுதான் என் பிழைப்பு. நகராட்சியே நிலத்தின் தரவைத் தந்துவிடுகிறது. சைக்கிளுக்கே இவ்வளவு மரியாதை என்றால் என் நைனாவுக்கு?

நான் ஜெர்மனி வந்தபின் நைனா கார்வேட்டிநகரத்து ஓரமாக ஒரு மனை வாங்கினார். நான் பார்த்ததில்லை. ஆனாலும் வீட்டை நானே வரைகிறேன் என்று பீற்றிக்கொண்டேன். தேடித் தேடிக் கிடைத்த நிலமட்டத் தரவில் மனை, தெரு, கோயில் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டம்; மேடு எது, பள்ளம் எது என்றே தெரியவில்லை. செயற்கைக்கோள் படமோ கோடையில் எடுத்தது. வடக்கே பழுப்பாக ஏதோ தெரிந்தது. எரிச்சலில் நைனாவுக்கே போன் போட்டேன். "வடக்கால குட்ட கீதுடா" என்றார்.

தமிழும் தெலுங்கும் கலந்த எங்கள் எல்லைப் பக்கத்தில் நிலம், பத்திரம் என்று பேச்செடுத்தால் வாய் தானாகத் தெலுங்குக்குத் தாவும். தெலுங்கில் குட்ட என்றால் குன்று. பழுப்பும் பொருந்தியது. அழகாக ஒரு குன்றை எழுப்பி, வீட்டின் முதுகை அதோடு ஒட்டவைத்தேன். பக்கத்து மேசை மார்கஸ் பாராட்டினான். தரவு யார் கொடுத்தது என்றான். அப்பா என்றேன். எந்த ஃபார்மேட் என்றான். தெலுங்கு என்றேன். நம் மென்பொருள் அதைத் திறக்குமா என்று அக்கறையாகக் கேட்டான்.

கடைக்கால் தோண்டினார்கள். மழை பெய்தது. வீடியோ காலில் நைனா காட்டியபோது பள்ளத்தின் விளிம்புவரை தண்ணீர். எனக்கென்று வரைந்திருந்த படுக்கையறையில் ஒரு தவளை.

"குட்டயிலர்ந்து தண்ணி வந்துகினே கீது. குட்டய ஒட்டி எவனாச்சும் வூடு வைப்பானாடா?"

நீ சொன்னது தெலுங்குக் குட்ட இல்லையா என்றேன்.

"மல இருந்தா மலன்னு சொல்ல மாட்டனா? தமிழ்லதான சொன்னேன். அங்க போயி உனுக்கு அதுவும் பூடுச்சா?"

அம்மா பின்னாலிருந்து, வரைந்தது போதும், வந்து நின்று பார்க்கச் சொல் என்றாள். லீவு கிடைக்காது என்பதைச் சொல்ல எனக்கு எந்த மொழியும் வரவில்லை.

மாதிரியில் குன்றை அழித்துக் குட்டையை வெட்டினேன். நைனாவிடம் கேட்டு, வீட்டைத் தெற்கே இருந்த மேட்டுக்கு நகர்த்தினேன். கடைசியாக நிழலைச் சோதித்தால், உச்சிவேளையிலும் வாசல் முழுக்க நீண்ட இருட்டு. எங்கள் ஊர் மத்தியான வெயில் அப்படிச் சாயாது. எங்கே பிசகு என்று துழாவினேன். குன்று, குட்டை என்று அலைந்ததில், மாதிரி எந்த ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை மாற்றவே மறந்திருந்தேன். கார்வேட்டிநகரத்து வீடு, அதன்மேல் ஸ்டுட்கார்ட் வெயில் விழுந்துகொண்டிருந்தது.