தாளம் போட்டவர்

கோபாலபுரத்து மாடி அறையில் செபஸ்தியான் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால், அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது. பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றி, கீறலும் இரைச்சலும் நீக்கித் தருவது அவன் பிழைப்பு. வேலை பாதி, கனவு பாதி. கண்ணை மூடினால் போதும், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஓர் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவான். அங்கே மின்விசிறி சுற்றும், யாரோ தொண்டையைச் செருமுவார்கள். கொட்டிவாக்கத்தில் வீட்டார் எல்லாரும் மீனோடு மல்லுக்கட்ட, இவன் மட்டும் இப்படி.

மயிலாப்பூர் அபயாம்பாள் கொண்டுவந்தது, அவருடைய அத்தை பாடிய தட்டு. குடும்பத்துக்கென்று அச்சடித்த சில பிரதிகளில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஒரே கரகரப்பு. சும்மா சொல்லக்கூடாது, இரண்டே நாளில் பளிங்கு மாதிரி ஆக்கிவிட்டான். பெருமையாகப் போட்டுக் காட்டினான்.

கேட்கக் கேட்க அபயாம்பாளின் முகம் வாடிப்போயிற்று.

“அத்தை நன்னாத்தான் பாடறா. அப்பாவைக் காணோமே?”

“இன்னா மேடம் சொல்றீங்க? ஒரு குரல்தான கீது?”

“அப்பா பாடலை. பக்கத்துல உக்காந்துண்டு தொடையில தாளம் போட்டார். அவர் போய் முப்பது வருஷம் ஆச்சு. ஆத்துல அவரோட சத்தம்னு இருக்கறது அது ஒண்ணுதான்.”

செபஸ்தியானுக்கு உயிரே போயிற்று. அந்த ‘டப்’, ‘டப்’பையெல்லாம் கீறல் என்று எண்ணி சாஃப்ட்வேர் வாரி எறிந்திருக்கிறது. இவனும் சரியென்று பொத்தானை அமுக்கியிருக்கிறான், மகானுபாவன். நல்லவேளை, சுத்தம் செய்யாத மூலப்பதிவு கையில் இருந்தது.

மறுபடி உட்கார்ந்தான். கீறல், தட்டு ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் வரும். தாளம் பாட்டோடு போகும். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சத்தமாகப் பிரித்தான். தடுமாறியபோது தானும் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டான். நாலாம் நாள் மத்தியானம், வேட்டி கட்டிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. போய்விடுவாரோ என்ற பயத்தில் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அபயாம்பாள் வந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பாட்டின் கடைசியில் ஒரு ‘டப்’ கொஞ்சம் முன்னாலேயே விழுந்தது. செபஸ்தியானுக்குத் திக்கென்றது. அது தாளமில்லை. தப்பிப்போன கீறல்.

அபயாம்பாள் சிரித்துவிட்டார். கண்ணில் நீர் முட்டிற்று.

“பாத்தேளா, இங்க முந்திண்டுட்டார். எதுக்கெடுத்தாலும் அவசரம். ரயிலுக்குக்கூட ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் நிப்பார்.”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. செபஸ்தியான் அதை விழுங்கிக்கொண்டான்.

“ஆமா மேடம்,” என்றான். “அவசரக்காரர்தான்.”