இடுப்பளவு நீர்

கௌசலா அக்கா இறந்த செய்தி வந்தபோது தெருமுனை டெப்பனர் கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்தேன். மூளையில் இரத்தக் கசிவு என்றார் தொலைபேசியில் அவருடைய கணவர். சரி என்றேன். கடைக்காரரிடம் மெர்சி என்று நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து பாலைக் குளிர்பெட்டியில் வைத்தேன். வேறு எதுவும் நடக்கவில்லை.

இந்த அஞ்சலிக் குறிப்பை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு இது தெரிந்திருக்கும். பல்கலைக்கழக நிலப்படப் பிரிவில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. கடைசியாக அவர் வரைந்தது ஸ்கெல்ட் ஆறு, ஒரு கண்காட்சிக்கான சுவர்ப்படம். பிரான்சில் பிறந்து, பெல்ஜியம் கடந்து, நெதர்லாந்தில் கடல் சேரும் ஆறு. இரண்டாம் உலகப்போரில் ஆன்ட்வெர்ப் துறைமுகம் நேச நாடுகளுக்குச் சேதமின்றிக் கிடைத்தது. கப்பல்தான் வர முடியவில்லை. ஆற்றின் கழிமுகம் ஜெர்மானியர் கையில் இருந்தது. அதை மீட்கக் கனடியச் சிப்பாய்கள் வெள்ளத்தில் நடந்தார்கள். கரைகள் உடைக்கப்பட்ட தாழ்நிலம். வயலும் ஊரும் நீருக்கடியில்.

அந்த வெள்ளத்தை அவர் மூன்று நீலங்களில் தீட்டினார். நிறங்களுக்கான விளக்கக் குறிப்பில் முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று எழுதினார். பிரிவுத் தலைவர் ஆழத்தை மீட்டரில் கேட்டார்.

"மீட்டர்லயே போட்ருங்கக்கா" என்றேன்.

"மீட்டரிலை ஆர் நடக்கிறது? சிப்பாய்மாரும் இடுப்பளவு தண்ணி எண்டுதான் வீட்டுக்கு எழுதினவங்கள். உமக்குத் தண்ணி தெரியாது."

"நான் மெட்ராஸ்காரன்க்கா."

"ஓம், மெரினாவிலை கால் நனைச்சிருப்பீர்."

சிரித்தேன். "சரி, யாரோட இடுப்பு?"

"என்ரை அம்மான்ரை. அவ கட்டை."

அவருடைய ஊரில் நடந்த உள்நாட்டுப் போரின்போது, கடல்நீரேரியைக் கடக்கையில், சிறு பிள்ளையாக அம்மாவின் தோளில் இருந்தாராம். அவ்வளவுதான் சொன்னார். மறுபடி திரையைப் பார்த்தார்.

இறுதிச் சடங்கு, நகரின் வடக்கே ஆற்றையொட்டிய அஹுன்ட்சிக்கில். வரிசையில் என் முறை வந்தபோது, என் நெஞ்சுக்கு நேராக ஒரு நரைத்த தலை. அக்காவின் அம்மாவை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"அவள் கீறின ஆறு முடிஞ்சுதே, தம்பி?"

"இல்லம்மா. முடிச்சிடறேன்."

மறுநாள் தலைவர் தணிந்த குரலில், இனி மீட்டருக்கு மாற்றிவிடலாமே என்றார். மாற்றவில்லை. குறிப்பின் கீழ் ஒரு வரி சேர்த்தேன்: 'ஆழம், குட்டையான ஒரு பெண்ணின் உடலளவில்.' தலைவர் அதைப் படித்துவிட்டு, அச்சுக்கு அனுப்பச் சொன்னார்.

அழுகை இன்னும் வரவில்லை. கௌசலா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த அளவு ஒன்றுதான். மாலையில் எங்கள் நகரத்து ஆற்றங்கரையில் நின்று, கண்ணால் ஆழத்தை அளக்கிறேன். கரையோரம் முழங்கால். சற்றுத் தள்ளி, எனக்கு இடுப்பு வரும் இடத்தில், அந்த அம்மாவுக்கு நெஞ்சு. தோளில் ஒரு பிள்ளை.