மேயர் தானே எழுதிக்கொண்ட நற்சான்று

ஹார்ட்விக் நோல்கெ முதலில் எங்கள் ஊர் நகராட்சியில் சாதாரண உறுப்பினர். 1933-இல் கத்தோலிக்கக் கட்சி பேட்ஜைக் கழற்றிவிட்டு நாஜிக் கட்சி பேட்ஜைக் குத்திக்கொண்டார். சில மாதங்களில் மேயர். யாரையும் அதட்டியதுகூடக் கிடையாது. எல்லாரிடமும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு என்றுமே பிடித்ததில்லை.

1943-இல் என் கணவர் வெண்டெலினைப் போலீஸ் கொண்டுபோனது. நாஜிகள் தடைசெய்திருந்த லண்டன் வானொலியைக் கேட்டாராம். அவர் திரும்பவேயில்லை. காட்டிக்கொடுத்தது யார்? ரொட்டிக்கடைக்காரி, தபால்காரர், பாதிரியார் என்று ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்பட்டே மூன்று வருடம் ஓட்டினேன்.

போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் நோல்கெயைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். நாஜிக் கட்சியில் இருந்தவர்களை விசாரிக்க மன்றம் வைத்தார்கள். உடனே பழைய கட்சிக்காரர்கள் எல்லாம் நற்சான்று கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். நாஜிக் கறையை வெளுத்துத் தருவதால் சலவைச் சீட்டு என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். நோல்கெ என் வீட்டுக்கும் வந்தார்.

"க்ரெசென்ஸம்மா, உங்களுக்குச் சிரமமே வேணாம். நானே டைப் அடிச்சுட்டேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

"நல்லவர்னு உங்களுக்கு நீங்களே எழுதிக்கிட்டீங்களா, மேயரய்யா?"

"எல்லாரும் அப்படித்தாம்மா. விவரமா இருந்தாத்தான் மன்றத்துல நம்புவாங்க."

படித்தேன். 'முயல் கொட்டகையில் ஒளிந்து வானொலி கேட்ட வெண்டெலினை இருமுறை எச்சரித்தவர் இவர்.'

போலீஸ் வானொலிப் பெட்டியை எடுத்தது சமையலறையில். கொட்டகை விஷயம் என்னையும் வெண்டெலினையும் தவிர யாருக்கும் தெரியாது.

"கொட்டகை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெண்டெலினே சொன்னாரும்மா."

என்னிடமே கிசுகிசுத்துப் பேசிய மனிதர், இவரிடம் போய்ச் சொன்னாராம்! "இருக்கட்டும், வச்சுட்டுப் போங்க," என்றேன்.

கையெழுத்துப் போடாமல் அந்தத் தாளை அவருடைய விசாரணையன்று மன்றத்துக்குக் கொண்டுபோனேன். "இந்தக் கொட்டகை விஷயம் இவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்கய்யா," என்று கத்தினேன்.

மன்றத் தலைவர் நிதானமாகப் படித்தார். "தெரிஞ்சும் இவர் போலீசுக்குப் போகலை, எச்சரிச்சிருக்கார். அப்படித்தானேம்மா?"

நோல்கெ அடக்கமாகத் தலைகுனிந்தார். எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார்.

சும்மா கூட்டத்தோடு போனவர் என்று தீர்ப்பு. 1948-இல் மறுபடியும் மேயர். அவருக்குப் பதினான்கு பேர் சான்று கொடுத்திருந்தார்கள். ஆனால் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது நான் கொண்டுபோன தாளை மட்டும்தான்.