தண்டவாளத்தில் ஓய்ந்த எஞ்சின்

பிரேக்கை மிதித்து நின்றால் எஞ்சின் தானாக ஓயும். காலை எடுத்தால் தானாக இயங்கும். பெற்றோல் மிச்சம் என்று அந்த ஓட்டோ கியர் காரை விரும்பித்தான் வாங்கினேன்.

கண் சத்திரசிகிச்சை முடிந்த அப்பாவை மன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, தோட்டவெளி ரயில் கடவையில் கழுதைகள் குறுக்கே வந்தன. தண்டவாளத்தின் மேலேயே நிறுத்தினேன். எஞ்சின் ஓய்ந்தது. கழுதைகள் போனதும் காலை எடுத்தேன், இயங்கவில்லை. திறப்பைத் திருகினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும். தூரத்தில் ரயில் ஊதியது.

"ஏன் பிள்ளை நிக்கிறாய்?" என்றார் அப்பா. நான் மறுபடியும் திறப்பைத் திருகினேன்.

மீன் விற்றுவிட்டு வந்த இருவர் சைக்கிள்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"அக்கா, நியூற்றலில போட்டிட்டுப் பிரேக்கை விடுங்கோ!"

தள்ளினார்கள். கார் கடவையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் ரயில் எங்களுக்குப் பின்னால் இரைந்துகொண்டு போனது.

அடுத்த நாள் கராஜுக்குப் போனேன். போன முறை பற்றரி மாற்றியபோது, அடிக்கடி ஓய்ந்து இயங்கும் இந்தக் காருக்கென்று உள்ள பற்றரிக்குப் பதிலாக, எனக்குச் சொல்லாமலே சாதாரணப் பற்றரியைப் பூட்டியிருந்தார் கராஜ்காரர்.

"அது கைவசம் இருக்கேல்லை மிஸ். இப்ப என்ன, ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"ரெண்டு பேர் ரயில் வரேக்க நிண்டு தள்ளினவை. அதாலதான் நடக்கேல்லை!" என்று கத்தினேன்.

சரியான பற்றரியைப் பூட்டித் தந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று கடவையில் தள்ளிய இருவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மனிதர்களை நம்பலாமா என்று யாராவது கேட்டால், கராஜ்காரரும் அந்த இருவரும் எனக்கு ஒன்றாகத்தான் நினைவுக்கு வருகிறார்கள்.