தெரேஸ் அக்கா போட்ட கோணல் வேலி

செய்தி வந்தபோது பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். தெரேஸ் அக்காவின் தங்கை மகள் ரோஸ்லின் கூப்பிட்டாள். "பெரியம்மா தவறிட்டாங்க. காலையில பூசைக்குக் கூப்பிடப் போனேன், எழுந்திரிக்கல. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். மீன்காரம்மா ஆய்ந்து முடிக்கும்வரை நின்று, பையை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். அழுகை வரவில்லை. மார்க்கெட்டில் நின்று அழுதிருந்தால் அக்காவுக்குப் பிடித்திருக்காது.

ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பதினெட்டு ஆண்டுகள் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. ஃபைலை இடம் மாற்றி வைத்து அவரிடம் திட்டு வாங்காதவர் நம்மில் யாருமில்லை. ஆனால் ஓய்வுக்குப் பிறகான தெரேஸ் அக்காவை உங்களில் பலர் பார்த்ததில்லை. அவரைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

ஓய்வு பெற்ற கையோடு வில்லியனூருக்கு அப்பால் முப்பது குழி நிலம் வாங்கினார். காய்கறி போடப்போவதாகச் சொன்னார். அதுவரை அவருக்கு இருந்த பழக்கம் மொட்டைமாடித் தொட்டிகளோடு சரி. நிலம் முழுக்கக் கோரைப்புல். மருந்து அடித்தால் ஒரே வாரத்தில் கருகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. சித்திரை வெயிலில் இரண்டு தடவை டிராக்டர் விட்டு உழுது, புரண்டு வந்த கோரைக்கிழங்கைக் கையால் பொறுக்கினோம். சனிக்கிழமைதோறும் நானும் போவேன். மதியத்துக்குள் அரைச் சாக்கு சேரும்.

"இன்னும் எத்தன சனிக்கிழமைக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கெழங்கு தீர்ற வரைக்கும்" என்றார், நிமிராமலே.

ஆடு மாடுகள் திரியும் இடம். வேலியில்லாமல் விதைக்க முடியாது. வேலிக்கு முன் நிலத்தை அளக்கச் சொன்னார். சர்வேயர் அளந்ததில், பக்கத்து நிலத்துக்காரர் கலியமூர்த்தியின் ஐந்து தென்னைகள் அக்காவின் எல்லைக்குள் நான்கடி தள்ளி நின்றன. கலியமூர்த்தி மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியபின் வாட்ச்மேனாக இருந்துகொண்டு வைத்த மரங்கள் அவை. புதிதாக நட்ட எல்லைக்கல்லுக்கும் மரங்களுக்கும் நடுவே காலடி வைத்து அளந்து பார்த்தார்.

"தெரிஞ்சி வெக்கலம்மா. கொடத்துல தண்ணி தூக்கியாந்து ஊத்தி வளத்தது" என்றார்.

"ஊத்தலன்னு யாரு சொன்னா?" என்றார் அக்கா.

இரண்டு வாரம் சிமெண்ட் கால்கள் குவியலாகவே கிடந்தன. பிறகு வேலி எழுந்தது. எல்லைக்கோட்டிலேயே வந்து, தென்னைகளுக்கு முன்னால் உள்ளே மடங்கி, ஐந்து மரங்களையும் வெளியே விட்டுவிட்டு மறுபடி எல்லைக்குத் திரும்பியது. கூடவே கலியமூர்த்தியிடம் ஒரு தாளையும் நீட்டினார். அக்காவின் அப்பா பத்திரம் எழுதும் நோத்தேரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். எழுத்தில்லாத பேச்சு அந்த வீட்டில் செல்லாது.

"மரம் நிக்கற வரைக்கும் காயி உங்களுது. மரம் போச்சின்னா எடம் என்னுது. படிச்சிட்டுக் கையெழுத்து போடுங்க."

அவர் போட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கால் ஊன்றக் குழி தோண்டி என் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. "உங்கள நல்லா ஏமாத்திட்டாருக்கா" என்று கலியமூர்த்தியின் காதுபடவே சொன்னேன்.

"ஏமாறதுன்னா தெரியாம குடுக்கறது. நான் தெரிஞ்சிதான குடுத்தேன்?"

"அப்ப நான் எதுக்கு இங்க வந்து மண்ணத் தோண்டணும்?"

"வராத" என்றார்.

நான் போகவில்லை. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் போகவில்லை. முதல் விதைப்பு, முதல் காய்ப்பு இரண்டையும் நான் பார்க்கவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, ஏனென்று யோசிக்காமல் பஸ் ஏறிவிட்டேன். வெண்டையும் கொத்தவரையும் காய்த்துக் கிடந்தன. ஏழு பாத்திகளில் ஒரு களை இல்லை. எட்டாவதில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டியிருந்தது. அக்கா களைக்கொத்தியை என்னிடம் நீட்டினார்.

"அது உன் பாத்தி. நான் கை வெக்கல."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை; என்னைக் கேட்கவிடவும் இல்லை. சாயங்காலம்வரை களை வெட்டினேன்.

தென்னை விஷயத்தில் அவர் செய்தது சரியென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அதற்குப் பின் வந்த ஆறு ஆண்டுகளில் இதை அவரிடமே பலமுறை சொன்னேன். "சரி, அந்தக் கூடைய எடு" என்பார். எடுப்பேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் நிலத்துக்குப் போனேன். அதை என்ன செய்வதென்று ரோஸ்லின் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அக்கா விட்டிருந்த கத்தரி நாற்று நடவுக்கு முற்றிக்கொண்டிருந்தது. அது யாருடைய முடிவுக்கும் காத்திருக்காது. கலியமூர்த்தி எனக்கு முன்பே வந்து தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நாங்கள் இருவரும் பேசியதில்லை.

"எத்தன அடிக்கு ஒன்னு வெக்கறது?" என்று கேட்டார்.

"ரெண்டடிக்கு."

"தெரேஸம்மா ரெண்டர வெப்பாங்க."

"கத்தரிக்கு ரெண்டு போதும்."

அவர் தன் வரிசையில் இரண்டரை அடிக்கு ஒன்றாக நட்டுக்கொண்டு போனார். நான் என் வரிசையில் இரண்டடிக்கு ஒன்றாக நட்டேன். பொழுது சாய்வதற்குள் எல்லா நாற்றும் மண்ணில் இருந்தது. தெரேஸ் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: ஒத்துப்போகாத மனிதரோடும் ஒரு முழுநாள் சேர்ந்து வேலை செய்ய எனக்கு வரும்.