கரையை வெட்டிய மூன்று பாட்டு

என் கொள்ளுப்பாட்டனாரின் தகப்பனார் ஒரு கவிராயர். நூறு வருஷத்துக்கு முன்பு, பாகூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரி உடைந்ததைப் பற்றி ஓர் அந்தாதி பாடினார். நாட்டுப்புறத்துக் கவிராயர்களுக்கு அச்சுக்கூடம் எட்டாத காலம். பாட்டு ஓலையிலேயே கிடந்தது. பிரெஞ்சு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்த நான், அதைப் புத்தகமாக்கியே தீருவது என்று உட்கார்ந்தேன். நடுவில் ஓர் ஏட்டைக் கரையான் தின்றிருந்தது. மூன்று பாட்டு இல்லை.

பெரியப்பா, "இருக்கறத அச்சடி, போதும்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. சோரியாங்குப்பம் வரை நடந்து விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் எங்கள் கழனியிலேயே நடவு நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து, "ஏரிப் பாட்டா சாமி? எங்க சேரியில சாவுக்குப் பாடுவோமே" என்றாள். வரப்பில் ஏறி நின்று பாடினாள்.

கரை தானாக உடையவில்லை. தங்கள் நெல்லைக் காப்பாற்ற எங்கள் தெரு ஆட்களே சேரிப் பக்கம் வெட்டிவிட்டார்கள். வெள்ளம் சேரியை அடித்துக்கொண்டு போனது. அந்த மூன்று பாட்டும் அதைத்தான் சொல்லின. ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன்.

பெரியப்பா குதித்தார். "நடவு நடறவ இன்னாமோ கட்டிப் பாடுறா. அத நம்ம வூட்டுப் பொஸ்தவத்துல போடுவியா?"

"இது அந்தாதி பெரிப்பா. ஒரு பாட்டு முடியற வார்த்தையிலதான் அடுத்தது தொடங்கணும். நம்ம ஏடு 'கரை'ன்னு முடியுது. அவ பாட்டு 'கரை'ன்னு தொடங்கி 'நீர்'னு முடியுது. அடுத்த ஏடு 'நீர்'னு தொடங்குது. ஏட்டையே பாக்காதவ இத எப்டிக் கட்டுவா?"

அவர் ஏட்டை வாங்கி இரண்டு இடத்தையும் பார்த்தார். பிறகு, "நெசமாவே இருந்தாலும் போடாத" என்றார்.

போட்டேன். புதுச்சேரி அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் பக்கத்திலேயே நின்று, வரிவரியாகப் பார்த்துத் திருத்தினேன். அந்த மூன்று பாட்டும் யாரிடம் கிடைத்தன என்று முன்னுரையில் அவள் பெயரோடு எழுதினேன். பெரியப்பா சாகும்வரை என் வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

புத்தகத்தை அவளிடம் கொண்டுபோய், பெயர் இருந்த இடத்தைக் காட்டினேன். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு விரலால் தொட்டாள்.

"செத்தவங்க பேருல்லாம் போட்டிருக்கா சாமி?"

"இல்ல. பாட்டுல அது இல்லியே. ஒனக்குத் தெரியுமா?"

"ஏழு பேரு தெரியும்" என்றாள்.

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.