மூன்று டம்ளர்

ஆவுடைத்தாயிடம் தண்ணீர் கேட்டால் சொம்பு வழிய வழியக் கொண்டுவருவாள். பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தால் அவள் முகம் செத்துப்போகும். "குளத்தையே கொண்டாந்துட்டியளே" என்று கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருத்தன். புத்திகெட்டவன்.

அவள் புருஷன் தளவாய் வடகரை அரிசி மில்லில் இருபது வருஷம் தவிட்டுத் தூசி தின்றவன். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் மூச்சு முட்டி, கால் இரண்டும் வீங்கி, தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்தான். படுத்தான் என்பது பேச்சுக்குத்தான். படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் ராப்பகலாக உட்கார்ந்தே கிடந்தான்.

டாக்டர் வல்லிநாயகம் ஆவுடையிடம் பக்குவமாகச் சொன்னார்: "நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல அழுத்தம் கூடிப்போச்சும்மா. இதயம் தள்ள மாட்டாமத் திணறுது. குடிக்கிற தண்ணி வெளியேறாம உடம்புலயே தங்குது. கஞ்சி, மருந்து எல்லாம் சேத்து நாளைக்கு மூணு டம்ளர். அதுக்கு மேல போனா ஆள் தங்காது."

தவித்த வாய்க்குத் தண்ணீர் தராத பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாது என்று கேட்டு வளர்ந்தவள் அவள். ஆனாலும் புருஷன் உயிர் வேண்டுமே. பித்தளை டம்ளரை முந்தானையில் முடிந்துகொண்டு அளந்து அளந்து கொடுத்தாள். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த இளநீரையெல்லாம் திருப்பி அனுப்பினாள். நாத்தனார் பேச்சித்தாய் வாசலிலேயே, "எங்கண்ணனைத் தாகத்துலயே கொன்னுருவிய போலுக்கே மதினி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீர் இறக்குகிற ஊசி போட்டும் ஐந்தாம் நாள் வீக்கம் முழங்காலுக்கு ஏறிவிட்டது. கோடு போட்ட கண்ணாடி ஜாடியில் பிடித்த மூத்திரம் அரை டம்ளர்கூடத் தேறவில்லை.

"யாரோ ஒளிச்சுத் தண்ணி கொடுக்காங்க" என்று டாக்டர் அவளையே பார்த்தார்.

"விசுவநாதர் சத்தியமா நான் கொடுக்கலைய்யா."

மறுநாள் மத்தியானம் ஜாடியைக் கழுவிக்கொண்டு திரும்பியவள் பார்த்துவிட்டாள். வெளியே சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. தளவாய் ஜன்னல் கம்பி வழியாகத் துண்டை நீட்டி, ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் நனைத்து, வாய்க்குள் பிழிந்துகொண்டிருந்தான். ஜன்னலைச் சாத்தவும் முடியாது, காற்றில்லாமல் தவித்துப்போவான். அவள் துண்டைப் பிடுங்கிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. அப்பத்தான் நம்புவேன்."

கையை அவள் உச்சியில் வைத்தான். "உன் அளவுக்கு மேல ஒரு சொட்டு தொட மாட்டேன் ஆவுடை."

அதற்குப் பிறகு அவன் தண்ணீரே கேட்கவில்லை. டம்ளர் வரும்போது மட்டும் கண் அதன் மேலேயே நிற்கும். அவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது.

ஒன்பதாம் நாள் உதடு நீலம் பாரித்தது. நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம் கேட்டது. அன்றைய மூன்று டம்ளரும் மத்தியானமே தீர்ந்திருந்தன. சாயங்காலம் டாக்டர் வெகுநேரம் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்.

"இனிமே அளவு வேண்டாம்மா. கேட்டதைக் கொடுங்க."

நோய் தணிந்துவிட்டது என்று நினைத்தாள் பாவி. குழாயடிக்கு ஓடிச் சொம்பு நிறையப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தாள். பக்கத்துக் கட்டிலில் தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்த அலிமா முக்காட்டை வாயில் பொத்தி அழுவதைக் கண்ட பிறகுதான் டாக்டர் சொன்னது அவளுக்கு விளங்கிற்று.

"குடிங்க. டாக்டரே சொல்லிட்டாரு."

தளவாய் சொம்பைப் பார்த்தான். "மூணும்... முடிஞ்சிட்டுல்லா?"

"சத்தியமெல்லாம் ஒண்ணும் வேண்டாம். குடிங்க, உங்க காலைப் பிடிக்கேன்."

உதட்டில் ஊற்றினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். தண்ணீர் கழுத்து வழியே ஓடியது. "உன் தலைமேல..." என்றான். விளக்கு வைப்பதற்குள் போய்விட்டான்.

அவன் போய் வெகுகாலம் கழித்து ஒருநாள் அவள் வீட்டில் வழக்கம்போலப் பாதிச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்: "அந்தச் சத்தியத்தை நான் எதுக்கு வாங்குனேன் அண்ணாச்சி?"

சொம்பை எடுத்து மீதியையும் குடித்தேன்.